சீமைக்கருவேல விதையை அடையாளம் காண்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராமநாதபுரம், விருதுநகர், சிவகங்கை பக்கம் கண்மாய் வேலை, எருவுக்காக வயலில் இரவில் ஆடு மாடு அடைக்கும் கிடை, விதையை மண்ணில் உருட்டி வீசும் விதைப்பந்து என்று எதைப் பேச ஆரம்பித்தாலும் பேச்சு சீமைக்கருவேலத்தில்தான் வந்து நிற்கிறது. மரத்தை எல்லோருக்கும் தெரியும். விதையைக் கையில் கொடுத்தால்தான் தடுமாற்றம். மரமாக நின்றால் ஜேசிபி வேண்டும், விதையாக இருக்கும்போது பிடித்தால் ஒரு சல்லடை போதும். அதனால் திரும்பத் திரும்பக் காதில் விழுந்த கேள்விகளைக் கேட்டவர்கள் பேச்சிலேயே தொகுத்திருக்கிறேன்.

எங்க ஊர்ல வேலிக்காத்தான்னு சொல்றாங்க. அதுவும் சீமைக்கருவேலமும் ஒண்ணா?

ஒன்றுதான். வேலிக்காத்தான், சீமை உடை, டெல்லி முள் என்று ஊருக்கு ஒரு பெயர். அவரை, துவரையின் பெருங்குடும்பத்தைச் சேர்ந்த மரம், அதனால்தான் காய் நெற்றாகக் காய்க்கிறது. தாவரவியலில் நெடுங்காலம் புரோசோபிஸ் ஜூலிஃப்ளோரா என்றிருந்தது. 2022-இல் பேரினத்தைப் பிரித்ததில் நெல்ட்டுமா ஜூலிஃப்ளோரா ஆகிவிட்டது. பழைய பெயரிலும் புதிய பெயரிலும் தகவல் கிடைக்கும், குழம்ப வேண்டாம்.

பிறந்த மண் மெக்சிகோ, நடு அமெரிக்கா, தென் அமெரிக்காவின் வடபகுதி, கரீபியத் தீவுகள். 1877-இல் ஜமைக்காவிலிருந்து வந்த விதை, அன்று சென்னை மாகாணத்தில் இருந்த கடப்பை மாவட்டத்தில் நடப்பட்டது. விறகுக்கும் வறண்ட நிலத்தைப் பசுமையாக்கவும்தான் கொண்டுவந்தார்கள். ஆக இந்தக் கதை தொடங்கியதே விதையில்தான்.

விதை பார்க்க எப்படி இருக்கும்? படம் பார்த்தா எல்லா விதையும் ஒரே மாதிரி தெரியுது.

முட்டை வடிவம், ஆனால் தட்டை. நீளம் ஐந்து, ஆறு மில்லிமீட்டர், அரிதாக ஏழு. நிறம் வெளிறிய பழுப்பிலிருந்து நல்ல பழுப்பு வரை. தோல் வழவழப்பாக, நகத்தால் அழுத்தினால் தடம் விழாத அளவு கெட்டியாக இருக்கும். ஒரு கிலோ விதையில் இருபத்தைந்தாயிரத்துக்கு மேல் எண்ணிக்கை வரும் என்றால் எவ்வளவு சிறியது என்று தெரிந்துகொள்ளலாம்.

முக்கியமான அடையாளம் ஒரு கோடு. விதையின் இரண்டு தட்டையான முகத்திலும் மெல்லிய கோடு குதிரை லாடம்போல் வளைந்து ஓடும். அதன் திறந்த வாய், விதை காயோடு ஒட்டியிருந்த முனையைப் பார்த்து இருக்கும். வெறும் கண்ணுக்கு மங்கலாகத் தெரியும், பத்து மடங்கு பெருக்கும் கைலென்ஸ் இருந்தால் சந்தேகமே இல்லை. நிறத்தை நம்பாதீர்கள். சாணத்தில் கிடந்தால் கறுக்கும், வெயிலில் கிடந்தால் வெளுக்கும். கோடு மாறாது.

இந்தக் கோடு சீமைக்கருவேலத்துக்கு மட்டுமே உரியது அல்ல. வேல மர வகைகள் பலவற்றிலும் சூபாபுல் மரத்திலும் வெவ்வேறு வடிவத்தில் உண்டு. எனவே அளவு, வடிவம், கோடு மூன்றையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

நெத்தை உடைச்சேன். சதுரமா, தோல் மாதிரி ஒரு துண்டுதான் வந்துச்சு. அதுதானே விதை?

இல்லை. மிக அதிகமாக நடக்கும் குழப்பம் இது. சீமைக்கருவேல நெற்றில் மூன்று அடுக்கு இருக்கிறது. வெளியே வைக்கோல் நிறத் தோல், அதற்குள் இனிப்பான சதை, அதற்கும் உள்ளே ஒவ்வொரு விதைக்கும் தனித்தனியாகக் கெட்டியான உறை. நீங்கள் எடுத்த சதுரத் துண்டு அந்த உறை. விதை அதற்குள் இருக்கிறது. பிளேடால் உறையின் ஓரத்தைச் சீவித் திறந்தால் வழவழப்பான விதை தனியாக வெளியே வரும்.

ஒரு நெற்றில் பொதுவாகப் பத்திலிருந்து முப்பது விதை வரை இருக்கும். நெற்று ஏறத்தாழ ஒரு சாண் நீளம், தட்டை, முனை கொஞ்சம் வளைந்திருக்கும். முற்றினாலும் தானாக வெடிக்காது, முழுசாக உதிரும். மரத்தடியில் வெறும் விதை சிதறிக் கிடந்தால், அது ஏதோ ஒரு விலங்கு தின்று போட்டதாக இருக்கும், அல்லது வேறு மரத்து விதையாக இருக்கும்.

நாட்டுக் கருவேல விதையையும் இதையும் எப்படிப் பிரிச்சுப் பார்க்கிறது?

நெற்று கையில் இருந்தால் ஒரு நொடி வேலை. நாட்டுக் கருவேல நெற்று விதைக்கு விதை இடுங்கி, சாம்பல் நிறத்தில் மெல்லிய மயிரோடு இருக்கும். சீமைக்கருவேல நெற்றில் அந்த ஆழமான இடுக்கும் இல்லை, மயிரும் இல்லை, வாயில் வைத்தால் இனிக்கும்.

வெறும் விதை மட்டும் இருந்தால் அளவைப் பாருங்கள். கருவேல விதை ஏழிலிருந்து ஒன்பது மில்லிமீட்டர், கிட்டத்தட்ட வட்டம், கருமை கலந்த அடர் பழுப்பு. முகத்தில் இருக்கும் கோடு லாடமாக இல்லாமல் ஏறக்குறைய மூடிய வளையமாக இருக்கும். இரண்டு விதையையும் பக்கத்தில் வைத்து ஒருமுறை பார்த்துவிட்டால் அப்புறம் குழப்பம் வராது. ஊரில் தெரிந்த ஒரு கருவேல மரத்திலிருந்தும் ஒரு சீமைக்கருவேல மரத்திலிருந்தும் நெற்று பறித்து, உடைத்து, ஒரு தீப்பெட்டியில் மாதிரி வைத்துக்கொள்ளச் சொல்லி எல்லோரையும் வற்புறுத்துகிறேன். எந்தப் படத்தையும்விட அது உதவும்.

அப்போ வெள்வேல், குடைவேல், சூபாபுல், கொடுக்காப்புளி?

கொடுக்காப்புளியில் குழப்பமே இல்லை, சுருண்ட காய், வெள்ளைச் சதைக்குள் கறுத்துப் பளபளக்கும் விதை. குடைவேல நெற்றும் வளைந்து சுருண்டிருக்கும். சூபாபுல் காய் காகிதம்போல் மெல்லிய தட்டை, கொத்துக் கொத்தாகத் தொங்கும், முற்றினால் வெடித்து விதை சிதறும். அதன் விதை ஒரு முனை கூம்பி, மெழுகு பூசியதுபோல் மினுங்கும், சீமைக்கருவேல விதையைவிடச் சற்றுப் பெரிது. கோடு அதிலும் உண்டு என்பதால் கூம்பிய முனையைப் பாருங்கள்.

வெள்வேலம்தான் கொஞ்சம் சிரமம். அதன் விதையும் சிறியது, பழுப்பு, நீள்வட்டம். நெற்று கிடைத்தால் மயிர் அடர்ந்த மெல்லிய தோலாக, உள்ளே விதைக்குத் தனி உறை இல்லாமல் இருக்கும். நெற்று இல்லாவிட்டால் ஊறவைத்துப் பாருங்கள். விதையின் ஓரத்தில் நகவெட்டியால் சிறு கீறல் போட்டு ஓர் இரவு தண்ணீரில் வைத்து, காலையில் குறுக்கே வெட்டுங்கள். சீமைக்கருவேலம் என்றால் தோலுக்கும் மஞ்சள் பருப்புக்கும் நடுவில் கண்ணாடிபோல் ஒரு வழுவழுப்பான பசை அடுக்கு தெரியும். வேல விதைகளில் தோலை உரித்தால் நேரே பருப்புதான். சூபாபுல்லிலும் இந்தப் பசை உண்டு, அங்கே இந்தச் சோதனை உதவாது.

வன்னி மரமும் இதே இனம்தானே? விதையும் ஒரே மாதிரியா இருக்குமே?

நெருங்கிய உறவு என்பது சரி. 2022-க்கு முன்பு இரண்டும் ஒரே பேரினத்தில் இருந்தன, வன்னி மட்டும் இப்போதும் புரோசோபிஸ் பெயரிலேயே இருக்கிறது. வெறும் விதையை வைத்து இரண்டையும் பிரிப்பது கஷ்டம், நான் அதை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். நெற்றைப் பாருங்கள். வன்னி நெற்று மெலிந்து, குச்சிபோல் உருண்டு தொங்கும். சீமைக்கருவேல நெற்று அகலமாகத் தட்டையாக இருக்கும்.

தாய் மரம் பக்கத்தில் இருந்தால் முள்ளைப் பாருங்கள். சீமைக்கருவேலத்தில் முள் இலை கிளம்பும் கணுவில் இருக்கும். வன்னியில் கணுவுக்கும் கணுவுக்கும் இடையில் தண்டு முழுக்கச் சிறு முள் சிதறியிருக்கும். இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. சீமைக்கருவேலம் என்று நினைத்து வன்னிக் கன்றுகளைப் பிடுங்கிப் போடுகிறார்கள். வன்னி நம் மண்ணின் மரம், பல சிவன் கோயில்களில் தலமரம், ஒரு கன்று மரமாகப் பல வருஷம் எடுக்கும். சந்தேகம் என்றால் கன்றை விட்டுவைத்து, முள் தெரியும் வரை பொறுங்கள்.

காத்துல பறந்து வந்து முளைக்குதுன்னு சொல்றாங்களே, நிஜமா?

இல்லை. விதைக்கு இறகும் இல்லை, பஞ்சும் இல்லை. இரண்டே வழிதான் பெரிது, விலங்கின் வயிறு, ஓடும் தண்ணீர். இனிப்புக்காக ஆடு, மாடு, பன்றி எல்லாம் நெற்றைத் தின்னும். கோடியக்கரையில் வெளிமானும், காட்டில் திரியும் மட்டக்குதிரையும்கூடத் தின்று பரப்புகின்றன. இலங்கையின் தென்கரையில் பூந்தல தேசியப் பூங்காவிலும் இந்த மரம் இப்படித்தான் புதராக மண்டிக் கிடக்கிறது. தண்ணீர் என்றால் மழைக்காலத்தில் வரத்துக்கால்வாயில் மிதந்து வரும் நெற்று. கண்மாயின் உட்கரையில் தண்ணீர் ஏறி நின்ற மட்டத்தில் கன்றுகள் வரிசையாக முளைத்திருப்பதைப் பார்த்தால் புரியும்.

ஆட்டுப் புழுக்கையில, மாட்டுச் சாணத்துல விதை இருக்கான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

காய்ந்த சாணத்தை ஒரு வாளித் தண்ணீரில் ஊறவைத்துக் கரையுங்கள். மாவு சலிக்கும் சல்லடை வேண்டாம், அடைத்துக்கொள்ளும். மூன்று மில்லிமீட்டர் கண் உள்ள கம்பிச் சல்லடையில் ஊற்றிக் கழுவினால் நாரும் விதையும் மேலே தங்கும். அதைச் செய்தித்தாளில் பரப்பிக் காயவிட்டு, இரண்டாவது பதிலில் சொன்ன மூன்று அடையாளத்தையும் வைத்துப் பாருங்கள். கோடையில் நெற்று உதிரும் நாட்களில் மேய்ந்த மாடு என்றால் ஒரே சாணத்தில் நூற்றுக்கணக்கில்கூட வரும்.

சாணத்தில் வரும் விதை பெரும்பாலும் உறை கழன்று வெறுமையாக இருக்கும். வயிற்றுக்குள் உறையும் சதையும் போய்விடுகின்றன, விதைத்தோல் மட்டும் தாக்குப்பிடிக்கிறது. மாடு அவ்வளவாக மெல்லாமல் விழுங்குவதால் அதன் சாணத்தில் முழு விதை அதிகம். ஆடு நன்றாக மெல்லும், உடைந்த விதையும் கலந்து வரும். ஆனாலும் தப்பிப் பிழைப்பது ஒரு வயலுக்குப் போதும்.

அப்போ வயல்ல கிடை போடவே கூடாதா? எருவுக்கு வேற எங்க போறது?

கிடையை விடச் சொல்ல மாட்டேன். புஞ்சை நிலத்துக்கு அதைவிட நல்ல உரம் கிடையாது. மந்தையை ஓட்டிவரும் கீதாரியிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: கடைசி வாரம் மந்தை எங்கே மேய்ந்தது? சீமைக்கருவேலக் காட்டில் நெற்று தின்றிருந்தால், உங்கள் வயலுக்கு வருவதற்கு முன் நெற்று இல்லாத இடத்தில் ஒரு வாரம் மேயவிடச் சொல்லுங்கள், அதற்குள் வயிற்றில் உள்ள விதையில் பெரும்பங்கு வெளியேறிவிடும். அது முடியாது என்றால், தரிசாகக் கிடக்கும் ஓர் ஓரத்தில் முதல் சில இரவு கிடையை மறித்துவிட்டு அப்புறம் வயலுக்கு மாற்றுங்கள்.

கிடை போட்ட வயலில் முதல் மழைக்குப் பின் இருபது நாள் கழித்து ஒரு நடை நடந்து பாருங்கள். அப்போது கையால் பிடுங்கினால் வேரோடு வரும். அடுத்த வருஷம் மண்வெட்டி வேண்டும். அதற்கடுத்த வருஷம் அதுவும் பத்தாது.

கண்மாய் வண்டல் மண் அடிச்சேன். அதுலயும் விதை வருமா?

வரும். சீமைக்கருவேலம் மண்டிய கண்மாயில் மேல்மண் முழுக்க நெற்றுத் துண்டும் விதையும்தான். வண்டல் அள்ளுவதற்கு முன் பல இடங்களில் மேலிருந்து நான்கு விரல் ஆழ மண்ணை எடுத்து, முன்பு சொன்ன சல்லடை முறையில் கழுவிப் பாருங்கள். விதை தட்டுப்பட்டால் மேல்மண்ணைத் தனியே ஒதுக்கச் சொல்லிவிட்டு, கீழ் மண்ணை மட்டும் ஏற்றிக்கொள்ளுங்கள்.

வண்டலில் தகரைச் செடியின் விதையும் நிறைய வரும். அதைப் பார்த்துப் பலர் பயந்துபோகிறார்கள். தகரை விதை சாய்சதுரமாக, ஓரம் வெட்டியதுபோல், பளபளப்பாக இருக்கும். முட்டை வடிவம் இல்லை என்றாலே அது நாம் தேடும் விதை இல்லை.

தண்ணியில போட்டா மிதக்கிறது செத்த விதைன்னு சொல்றாங்களே?

நெல்லுக்குச் சொல்வதை இதற்கும் சொல்கிறார்கள். இங்கே அதை நம்ப முடியாது. உயிருள்ள விதையும் மூழ்கும், கருகிப்போன கெட்டி விதையும் மூழ்கும். உறையோடு இருக்கும் நல்ல விதை காற்று அடைபட்டு மிதக்கவும் செய்யும். மிதக்கிறதே என்று கரையில் கொட்டிவிட்டு வந்தால் அங்கே முளைக்கும்.

உயிர் இருக்கிறதா என்று தெரிய வேண்டுமானால் காயோடு ஒட்டியிருந்த முனைக்கு எதிர்ப்பக்கம் கீறிவிடுங்கள். ஒட்டியிருந்த முனையில்தான் முளைவேர் இருக்கிறது, அதில் காயம் படக்கூடாது. கீறியதை ஈரத் துணியில் வைத்தால் நல்ல விதை மறுநாளே உப்பும், சில நாளில் வேர் விடும்.

விதையில ஊசி குத்தின மாதிரி வட்டமா ஓட்டை இருக்கு. அது முளைக்குமா?

பெரும்பாலும் முளைக்காது. அது விதை வண்டு வெளியேறிய ஓட்டை. புழு உள்ளே இருந்து பருப்பைத் தின்று, வண்டாகி, வட்டமாகத் துளைத்து வெளியே வந்திருக்கும். ஆஸ்திரேலியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் இந்த வகை மரங்களைக் கட்டுப்படுத்தவே அமெரிக்காவிலிருந்து விதை வண்டுகளைக் கொண்டுபோய் விட்டார்கள். ஆனால் நெற்றை ஆடு மாடு முந்திக்கொண்டு தின்றுவிட்டால் வண்டுக்கு வேலையே இல்லை. நம் ஊரில் நடப்பதும் அதுதான்.

விதை விஷமா? பிள்ளைங்க வாயில போட்டுட்டா?

விஷம் என்று பயப்பட வேண்டாம், அமெரிக்கக் கண்டத்தில் பழங்குடி மக்கள் இந்த வகை மரங்களின் நெற்றை மாவாக்கி உண்டிருக்கிறார்கள். விதை தொண்டையில் சிக்காமல் பார்த்துக்கொண்டால் போதும். முள் குத்தினால்தான் கவனிக்க வேண்டும், புண் எளிதில் சீழ் பிடிக்கும்.

மாட்டுக்கு நெத்து நல்ல தீவனம்தானே? ஏன் வேண்டாங்கிறீங்க?

தீவனம்தான். முழுசாகப் போடுவதைத்தான் வேண்டாம் என்கிறேன். நன்றாகக் காயவைத்து, விதை உடையும்படி அரைத்து, மற்ற தீவனத்தோடு கலந்து கொடுத்தால் விதை பரவாது, விதைக்குள் இருக்கும் புரதமும் மாட்டுக்குச் சேரும். அரைத்த மாவைக் கையில் எடுத்து முழு விதை இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் மறுபடி அரைக்க வேண்டும். நெற்றை மட்டுமே நெடுநாள் கொடுத்தால் தாடைத் தசை பலவீனமாகி, மாடு மெல்ல முடியாமல் போகும் நோய் வருகிறது. கலப்பில் அளவோடு இருக்கட்டும்.

எத்தனை வருஷம் விதை மண்ணுல உயிரோட கிடக்கும்? மரம் எடுத்து மூணு வருஷமாச்சு, இன்னும் முளைக்குது.

தோல் தண்ணீரை உள்ளே விடாததால் பல வருஷம் கிடக்கும். ஒரே மழையில் எல்லாம் முளைத்துவிடாது, தோல் தேய்ந்தது மட்டும் முளைக்கும், மிச்சம் அடுத்த மழைக்குக் காத்திருக்கும். எனவே மூன்று வருஷம் கழித்து முளைப்பது இயல்பு. கன்று மூன்றாம் நான்காம் வருஷத்தில் காய்க்கத் தொடங்கும், அதற்குள் பிடுங்கிவிட்டால் மண்ணில் இருக்கும் கையிருப்பு குறைந்துகொண்டே வரும்.

முளைத்தது விதையிலிருந்தா, பழைய கட்டையிலிருந்தா என்று முதலில் பாருங்கள். மண்ணைக் கொஞ்சம் விலக்கினால் தெரியும். கட்டையிலிருந்து வந்தது கொத்தாகத் தடித்த குருத்தாக இருக்கும். அது விதைப் பிரச்சினை அல்ல, தூரோடு எடுக்காமல் மேலே வெட்டிவிட்டதன் விளைவு.

தீ வெச்சா விதை செத்துடாதா?

மேலே கிடப்பது கருகும், இரண்டு விரல் ஆழத்தில் கிடப்பது தப்பிக்கும். ஓணானும் கௌதாரி முட்டையும்தான் வீணாகச் சாகும். வேண்டாம்.

சின்னக் கன்றா இருக்கும்போது எது நாட்டுக் கருவேலம், எது சீமைன்னு தெரியலையே?

முதல் இரண்டு இலையில் தெரியாது. ஆனால் ஒரு வசதி இருக்கிறது. இந்த விதைகள் முளைக்கும்போது விதையிலைகளை மண்ணுக்கு மேலே தூக்கிக்கொண்டு வரும், பல கன்றில் விதைத்தோல் நுனியிலேயே தொப்பியாக ஒட்டியிருக்கும், இல்லாவிட்டால் பக்கத்தில் விழுந்து கிடக்கும். அந்தத் தோலை எடுத்து அளவையும் கோட்டையும் பாருங்கள். நாலாவது பதிலில் சொன்ன வித்தியாசம் தோலிலும் அப்படியே இருக்கும்.

கொஞ்சம் வளர்ந்தால் இலை போதும். சீமைக்கருவேல இலைக் காம்பிலிருந்து பிரியும் கிளைக்காம்பு ஒன்றிலிருந்து மூன்று ஜோடிதான். நாட்டுக் கருவேலத்தில் அதைவிடக் கூடுதலான ஜோடிகள், முள்ளும் நீண்டு வெள்ளையாக ஜோடி ஜோடியாக நிற்கும். பூத்துவிட்டால் சிரமமே இல்லை, கருவேலம் மஞ்சள் உருண்டை, சீமைக்கருவேலம் நீளக் கதிர்.

விதைப்பந்துக்குக் கருவேல விதைன்னு ஒருத்தர் மூட்டையா கொடுத்தார். அப்படியே உருட்டலாமா?

உருட்டாதீர்கள். நல்ல மனசோடு செய்யும் இந்த வேலையில்தான் பெரிய தவறு நடக்க வாய்ப்பிருக்கிறது. ஆட்டுக்கிடையில் கூட்டி எடுத்த விதை மலிவாகக் கிடைக்கும், அதில் கருவேலம், வெள்வேலம், சீமைக்கருவேலம் எல்லாம் கலந்திருக்கும். அதை மண்ணில் உருட்டிக் காட்டோரம் வீசுவது நாமே போய் நட்டதற்குச் சமம்.

மூட்டையின் மேல், நடு, அடி மூன்று இடத்திலிருந்தும் ஒவ்வொரு கைப்பிடி எடுத்து வெள்ளைத் தாளில் பரப்புங்கள். ஏழு மில்லிமீட்டருக்குக் குறைந்த விதைகளைத் தனியே ஒதுக்கி, லாடக் கோட்டைப் பாருங்கள். ஒன்றிரண்டு கண்ணில் பட்டாலும் மூட்டை முழுவதையும் சலிக்க வேண்டும். ஆறு மில்லிமீட்டர் கண் உள்ள சல்லடையில் சிறியது பெரும்பாலும் கீழே இறங்கிவிடும், மேலே தங்கியதைக் கையால் பொறுக்குங்கள். அதற்கு ஆள் இல்லை என்றால் மூட்டையை மறுத்துவிட்டு, மரத்திலிருந்து நெற்றாகவே பறித்து வரச் சொல்லுங்கள். நெற்றாக வந்தால் யாரும் ஏமாற மாட்டார்கள்.

ஒதுக்கிய விதையைக் குப்பையில் போட வேண்டாம். அரைத்துவிடுங்கள், அல்லது அடுப்பில் போட்டு முழுசாக எரித்துவிடுங்கள்.

விதையை மட்டும் வெச்சு நூறு சதவீதம் உறுதியா சொல்ல முடியுமா?

முடியாது. அமெரிக்காவில் இதற்கு உடன்பிறப்பான இனங்கள் பல உண்டு, அவற்றில் சில இந்தியாவிலும் நடப்பட்டிருக்கின்றன. விதையை மட்டும் வைத்து அவற்றை ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்க முடியாது. வயலைக் காப்பாற்ற அந்தப் பிரிவு தேவையும் இல்லை, எல்லாமே ஒரே மாதிரி பரவுபவை.

வன்னியா, வெள்வேலமா என்ற சந்தேகம் தீரவில்லை என்றால் விதையோடு நெற்று, முள் உள்ள ஒரு கிளை, கிடைத்தால் பூ, எல்லாவற்றையும் செய்தித்தாளில் மடித்து, எடுத்த இடத்தையும் தேதியையும் எழுதி உங்கள் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ, பக்கத்துக் கல்லூரியின் தாவரவியல் துறைக்கோ கொண்டுபோங்கள். தமிழ்நாடு அரசு 2022-இல் அயல் ஆக்கிரமிப்புத் தாவரங்களுக்கென்று தனிக் கொள்கையே வெளியிட்டிருப்பதால் வனத்துறையிலும் கேட்கலாம். விதையைப் பிளாஸ்டிக் பையில் ஈரத்தோடு கட்டிக் கொண்டுபோகாதீர்கள், பூஞ்சை படர்ந்து கோடு தெரியாமல் போய்விடும்.